ஏ.சி.யின் இன்டோர் யூனிட்டிலிருந்து சுவரில் நீர் வழிகிறது. கேஸ் நிரப்பித்தான் ஆக வேண்டுமா?

கேள்வி: காவேரிப்பட்டணத்து வாசகி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் வீட்டுப் படுக்கையறையில் ஒன்றரை டன் ஸ்பிளிட் ஏ.சி. ஒன்று சில ஆண்டுகளாக ஓடிக்கொண்டிருக்கிறது. இந்தக் கோடையில் இரவு முழுவதும் போட்டும் எந்தச் சிக்கலும் எழவில்லை. கோடை மழை பெய்து ஊர் சற்றுக் குளிர்ந்த பிறகுதான் இன்டோர் யூனிட்டின் இடது முனையிலிருந்து நீர் சொட்டத் தொடங்கியது. இப்போது அது சுவரோடு வழிந்து கீழேயுள்ள பிளக் பாயின்ட்டுக்கு அருகே வரை வந்துவிட்டது. அறை வழக்கம்போல நன்றாகவே குளிர்கிறது. பார்க்க வந்த மெக்கானிக் மூடியைக்கூடத் திறக்காமல், கேஸ் குறைந்துவிட்டது, நிரப்பினால் சரியாகிவிடும் என்று கூறி ஒரு பெரிய தொகையைச் சொன்னார்.

வடிகுழாயின் முனையைப் பின்புறச் சந்தில் ஒரு வாளிக்குள் விட்டு, சேரும் நீரைச் செடிகளுக்கு ஊற்றுவது எங்கள் வழக்கம். வாளியில் எப்போதும் பாதிக்கு மேல் நீர் இருக்கும். ஆனால் மழைக்குப் பிறகு அதன் மட்டம் உயரவே இல்லை. கேஸ் குறைந்தால் நீர் ஒழுகுமா? பணம் கொடுப்பதற்கு முன் நாங்களே பார்க்கக்கூடியது ஏதேனும் உண்டா?

பதில்: ஏ.சி. பழுது பார்ப்பவர், தருமபுரி

அம்மா, முதலில் அந்த ஏ.சி.க்குரிய எம்.சி.பி.யை (மின்பெட்டியிலுள்ள பாதுகாப்புச் சுவிட்சை) அணைத்துவிடுங்கள். பிளக் பாயின்ட் நனைந்திருந்தால், அது நன்றாக உலரும்வரை யாரும் தொட வேண்டாம்.

கேஸ் குறைந்தாலும் நீர் ஒழுகும் என்பது உண்மைதான், ஆனால் அதற்கு ஓர் இடைப்படி உண்டு. கேஸ் குறையும்போது, இன்டோர் யூனிட்டில் காற்றைக் குளிர்விக்கும் குழாய்ச்சுருளான காயிலுக்குள் அழுத்தம் இறங்கி, அதன் வெப்பநிலை பூச்சியம் டிகிரிக்கும் கீழே போய்விடுவதால், காற்றிலுள்ள ஈரம் நீராக வடியாமல் பனிக்கட்டியாக உறைந்து காயிலை மூடிக்கொள்ளும்; பிறகு ஏ.சி.யை அணைத்ததும் அந்தப் பனி மொத்தமாக உருகி, காயிலுக்கு அடியில் நீரைப் பிடிக்கும் டிரே தாங்காமல் அறைக்குள் கொட்டும். ஃபில்டரில் தூசி அடைத்துக் காற்றோட்டம் குறைந்தாலும் இதே கதைதான். ஆனால் இவ்விரண்டிலும் குளிர்ச்சி கண்கூடாகக் குறைந்துவிடும். உங்கள் அறை நன்றாகக் குளிர்கிறது என்கிறீர்கள், வாளியிலும் நீர் ஏறவில்லை என்கிறீர்கள். ஆகவே நீர் வெளியேறும் வழியில்தான் எனக்குச் சந்தேகம்.

மழைக்குப் பிறகு இது தொடங்கியதில் வியப்பில்லை. நம் பக்கத்து ஏப்ரல் மாதக் காற்று வறண்டது, அதிலிருந்து ஏ.சி. பிழிந்தெடுக்கும் நீர் குறைவு என்பதால், பாதி அடைபட்ட குழாய்கூட அதைச் சமாளித்துவிடும். ஒரு நல்ல மழைக்குப் பின் காற்றில் ஈரம் ஏறியதும் நீரின் அளவு பல மடங்காகி, அதுவரை மறைந்திருந்த அடைப்பு வெளியே தெரிகிறது.

சுவரும் பிளக் பாயின்ட்டும் உலர்ந்த பின், ஏ.சி.யை அரை மணி நேரம் ஓடவிட்டு அணைத்து, முன்மூடியைத் தூக்கி, ஃபில்டரைக் கழற்றி, டார்ச் அடித்துக் காயிலைப் பாருங்கள். வெள்ளையாகப் பனி படிந்திருக்கிறதா, வெறும் நீர்த்துளிகள்தானா என்பதைப் பொறுத்தே அடுத்த செலவு. வாளியையும் இன்றே எடுத்துவிடுங்கள். குழாய் முனை நீருக்குள் மூழ்கியிருந்தால் உள்ளிருக்கும் காற்று வெளியேற வழியின்றி நிற்கும். புவியீர்ப்பினால் மட்டுமே இறங்க வேண்டிய நீர் அதைத் தள்ளிக்கொண்டு வர முடியாமல் டிரேயிலேயே தேங்கிவிடும். பின்னர் குழாயின் வெளிமுனையில் வாய் வைத்தோ பம்பு கொண்டோ ஊதிப் பாருங்கள்.

பதில்: ஓசூர்க் குடியிருப்பாளர்

மேலே சொன்ன அனைத்தையும் ஏற்கிறேன், ஊதுவதை மட்டும் ஏற்க இயலவில்லை. வெளியிலிருந்து ஊதினால் குழாயில் உள்ள வழுவழுப்பான பாசியும் சேறும் டிரேக்கே திரும்பிப் போகும். அழுத்தம் கூடினால் நீர் தெறித்து, இன்டோர் யூனிட்டின் ஓரத்தில் இருக்கும் சர்க்யூட் போர்டை நனைத்துவிடவும் கூடும். ஈரத்தையும் இழுக்கும் வாக்குவம் கிளீனரை வெளிமுனையில் வைத்துத் துணியால் இறுகச் சுற்றி, வெளிப்பக்கமாக உறிஞ்சுவதே பாதுகாப்பானது.

குழாய் முனையைக் கண்ணால் பார்ப்பதும் அவசியம், சகோதரி. குளவிகள் அந்தத் துளையை மண்ணால் அடைத்துக் கூடு கட்டிவிடும். எங்கள் குடியிருப்பில் ஏ.சி. ஒழுகுகிறது என்ற புகாரில் இது அடிக்கடி வரும் காரணம். நம் மாவட்டத்தில் கிரானைட் அறுக்கும் பட்டறைகளுக்கு அருகே வீடிருந்தால், அந்த நுண்தூசி ஈரத்தோடு சேர்ந்து டிரேயில் சிமெண்ட் போலப் படியும். அங்கே ஃபில்டரைச் சீசன் நேரத்தில் இரு வாரங்களுக்கு ஒருமுறையாவது கழுவ வேண்டும்.

குழாய் சுவரிலிருந்து வாளிவரை எங்கும் மேலெழாமல் இறங்கிக்கொண்டே போகிறதா என்றும் பாருங்கள். மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர் சரிவு இருந்தாலே போதும், ஆனால் நடுவில் தொய்ந்து மீண்டும் ஏறினால் அந்தத் தொய்வில்தான் பாசி பிடிக்கும்.

மறுமொழி: காவேரிப்பட்டணத்து வாசகி

இருவருக்கும் மிக்க நன்றி. காயிலில் பனி இல்லை, துளிகள் மட்டுமே இருந்தன. வாளியை எடுத்த பின் சிறிது நீர் வந்தது; வாக்குவம் வைத்து இழுத்தபோது கூழ் போன்ற கருநிறப் பாசி வெளியேறி, அதன் பின்னால் நீர் கடகடவென்று கொட்டியது. இப்போது சுவர் காய்ந்திருக்கிறது, ஆனாலும் இடது முனையில் எப்போதாவது ஒரு துளி தெரிகிறது. மேலும் ஒரு கேள்வி: இங்கே போர் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகம் என்பதால், ஏ.சி. நீர் அதைவிடச் சுத்தமானது, குடிக்கவும் இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றவும் செய்யலாம் என்று உறவினர் ஒருவர் கூறுகிறார். சரிதானா ஐயா?

பதில்: ஏ.சி. பழுது பார்ப்பவர், தருமபுரி

அந்த ஒரு துளிக்கு யூனிட்டின் மட்டம் காரணமாகலாம். சுவரில் பதித்த தகடு, வடிகுழாய் இல்லாத பக்கம் சாய்ந்திருந்தால் டிரேயில் நீர் அங்கே தேங்கும். ரசமட்டம் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். சில மாடல்களில் டிரேக்கு இருபுறமும் துளை இருக்கும், பயன்படாத துளையின் ரப்பர் அடைப்பான் தளர்ந்திருந்தாலும் இப்படித்தான் சொட்டும்.

கேஸைப் பொறுத்தவரை, அது பெட்ரோல் போலத் தீர்ந்துபோகும் பொருள் அன்று. மூடிய குழாய்களுக்குள்ளேயே சுற்றிவருவதால், குறைந்தால் எங்கோ கசிவு இருக்கிறது என்றே பொருள். கசிவைக் கண்டுபிடித்து அடைக்காமல் நிரப்புபவரிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள். நிரப்பும்போதும் பெயர்ப்பலகையில் உள்ள கிராம் அளவுக்கு எடை போட்டு நிரப்ப வேண்டும். உங்களுடையது ஆர்-32 எனில் அது சிறிதளவு தீப்பற்றக்கூடிய வாயு. ஜன்னலைத் திறந்து வைத்தே வேலை நடக்க வேண்டும்.

ஏ.சி. நீரில் ஃபுளோரைடு இராது என்பது சரி, ஆனால் காயிலின் உலோகத் துகளும் தூசியும் நீங்கள் கண்ட அந்தப் பாசியும் அதில் கலந்தே வரும். ஆகவே குடிப்பதற்கு ஆகாது. அதற்கு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீரே இருக்கிறது. பேட்டரிக்குக் கடையில் விற்கும் டிஸ்டில்ட் வாட்டரையே வாங்குங்கள். செடிகளுக்கும் தரை துடைக்கவும் தாராளமாகப் பயன்படுத்தலாம். வாளியையும் திரும்ப வைத்துக்கொள்ளலாம், குழாய் முனை வாளியின் விளிம்புக்கு ஒரு சாண் மேலேயே நிற்கும்படி கிளிப் அடித்துவிட்டால் போதும்.