பூங்கொடி கல்யாணம்: புனே தோழியோட கும்பகோணம் வர்றதுக்கு முன்னாடி

குழு: நம்ம குடும்பம்

தேன்மொழி: எல்லாருக்கும் வணக்கம். திங்கக்கிழமை கும்பகோணத்துல நடக்கிற பூங்கொடி அக்கா கல்யாணத்துக்கு என் தோழி ஒருத்தி புனேவிலருந்து வர்றா. நம்ம பக்கத்துக் கல்யாணம் அவளுக்குப் புதுசு, தமிழும் தெரியாது. சனிக்கிழமை சாயங்காலம் சென்னை ஏர்போர்ட்ல இறங்குறா. ராத்திரி உழவன் எக்ஸ்பிரஸ்ல ரெண்டு பேருக்கும் கன்ஃபார்ம் ஆயிருச்சு. வேற என்னென்ன ஏற்பாடு பண்ணணும்னு சொல்லுங்க.

முரளி மாமா: நல்லது தேனு. போர்டிங் எங்க போட்டிருக்க?

தேன்மொழி: எக்மோர் மாமா.

முரளி மாமா: தாம்பரத்துக்கு மாத்திடு. ஏர்போர்ட்டுக்கு எதிர்லயே திரிசூலம் ஸ்டேஷன். அங்கருந்து பல்லாவரம், குரோம்பேட்டை, சானடோரியம், அடுத்தது தாம்பரம். பெட்டியைத் தூக்கிக்கிட்டு எக்மோர் வரைக்கும் போய், அதே தண்டவாளத்துல திரும்பி வர்றது வீண் அலைச்சல்.

முரளி மாமா: ஐஆர்சிடிசியில போர்டிங் பாயின்ட் மாத்தலாம். கடைசி நேரத்துக்கு விடாம இப்பவே பண்ணிடு. மாத்தாம தாம்பரத்துல போய் ஏறினா, எக்மோர்ல ஆள் வரலன்னு டிக்கெட் செக் பண்ற டிடிஇ குறிச்சிட்டு, பெர்த்தை ஆர்ஏசியில, அதாவது முழு பெர்த் கிடைக்காம பாதி சீட்டுல இருக்கிறவங்களுக்குக் கொடுத்துடலாம். ஒரு தடவை மாத்திட்டா அப்புறம் எக்மோர்ல ஏற உரிமை இல்ல, அதையும் ஞாபகம் வச்சுக்க.

தேன்மொழி: மாத்திட்டேன் மாமா.

முரளி மாமா: கும்பகோணம் வர்றப்ப இன்னும் விடிஞ்சிருக்காது. வண்டி தஞ்சாவூர் வரை போறதால தூங்கிட்டா நேரா அங்கதான் இறங்கணும். மயிலாடுதுறை வந்ததும் எந்திரிச்சு பெட்டியை இழுத்து வெளிய வச்சிடுங்க. அங்கருந்து முப்பது கிலோமீட்டர் சொச்சம்தான். பட்டுப்புடவை இருக்கிற பையை சீட்டுக்கு அடியில தள்ளாதீங்க, மேல பெர்த்துல தலைமாட்டுல வச்சுக்கங்க.

பெரியம்மா: தங்குறது மண்டபத்துலயே தங்கட்டும். நம்ம வீட்டுக்கு வர்ற பொண்ணு லாட்ஜ்ல இருந்தா நல்லாவா இருக்கும்?

கவிதா சித்தி: அக்கா, உங்க மனசு புரியுது. ஆனா பொண்ணு வீட்டுக்கு மண்டபத்துல நாலு ரூம்தான். ஒண்ணு பூங்கொடிக்கும் மேக்கப் பண்றவங்களுக்கும், ஒண்ணுல சீர் சாமான். மிச்சம் ரெண்டு ரூம்ல ஜமக்காளம் விரிச்சு இருபது பேர் படுப்போம். திங்கக்கிழமை விடிகாலை மூணரைக்கே பாத்ரூம் வாசல்ல வரிசை நிக்கும். கீசர் தண்ணி முதல் நாலு பேருக்குத்தான் சூடா வரும். பழகாத பொண்ணு கூச்சப்பட்டுக்கிட்டு கடைசியாப் போகும், அதுக்குள்ள நேரம் ஓடிடும்.

பெரியம்மா: சரி கவி, அதுவும் நிஜம்தான். ஆனா மண்டபத்துக்குப் பக்கத்துலயே பாருங்க.

குமரன் அண்ணா: நான் பாக்குறேன். தேனு, லாட்ஜ்ல கேக்க வேண்டிய முதல் கேள்வி செக் அவுட் எப்படின்னு. சில இடத்துல 24 மணி நேரக் கணக்கு, சில இடத்துல மதியம் 12. விடியக்காலைல போய் இறங்குறவங்களுக்கு 12 மணிக் கணக்குன்னா, குளிச்சு ஒரு தூக்கம் போடுறதுக்குள்ள ஒரு நாள் வாடகை முடிஞ்சிடும்.

குமரன் அண்ணா: தை மாச முகூர்த்த நாள்ல கும்பகோணத்துல ஒரு ரூம் கூட காலியா இருக்காது. பேசி வச்சா மட்டும் போதாது, முன்பணம் கட்டி ரசீதை போன்ல வாங்கிடணும்.

செல்வி அத்தை: அந்தப் பொண்ணு புடவை கட்டுமா?

தேன்மொழி: ரொம்ப ஆசைப்படுறா அத்தை. ஆனா பட்டு எதுவும் கைவசம் இல்ல.

செல்வி அத்தை: வாங்க வேணாம், நான் ரெண்டு தர்றேன். சிக்கல் எப்பவும் பிளவுஸ்லதான். தையில எந்த டெய்லரும் பத்து நாள்ல தைச்சுத் தர மாட்டாங்க. அவ உடம்பு அளவு, தோள், கைச் சுத்தளவு மூணையும் அளந்து அனுப்பச் சொல்லு. நம்ம வீட்டு பிளவுஸ்ல பக்கவாட்டுல உள்ள துணி விட்டு ரெண்டு மூணு தையல் போட்டிருக்கும். ஒரு தையல் பிரிச்சா ஒண்ணு ரெண்டு இஞ்ச் கூடும். பிரிச்ச இடத்துல ஊசித் தடம் தெரியும், அது கைக்கு அடியில மறைஞ்சிடும். கை இறுக்கமா இருந்தா மட்டும் ஒண்ணும் பண்ண முடியாது, அதனால கை அளவு சரியா வேணும்.

செல்வி அத்தை: உள்பாவாடை காட்டன்ல இருக்கணும். சாட்டின் வழுக்கும், பட்டு கனத்துக்குக் கொசுவம் ஒவ்வொண்ணா இறங்கிடும். நாடாவை இறுக்கிக் கட்டச் சொல்லு. எந்தச் செருப்பு போடப் போறாளோ அதைப் போட்டுக்கிட்டு நின்னுதான் கட்டணும். வெறுங்காலோட கட்டிட்டு அப்புறம் ஹீல்ஸ் போட்டா கணுக்கால் தெரியும்.

செல்வி அத்தை: கொசுவம் ஆறோ ஏழோ போதும், ஒரு மடிப்பு அஞ்சு இஞ்ச் அகலம். பின்னு மூணு: தோள்ல ஒண்ணு, கொசுவத்துல உள்பக்கமா ஒண்ணு, இடுப்புல ஒண்ணு. தோள் பின்னை ஜரிகையில குத்தக் கூடாது, இழை அறுந்துடும். பின்னோட வளைவுல ஒரு சின்ன மணியைக் கோத்துட்டுக் குத்தினா துணி அதுக்குள்ள மாட்டாது. ஞாயித்துக்கிழமை மத்தியானம் ஒரு தடவை கட்டிவிட்டு லாட்ஜ் மாடிப்படி ஏறி இறங்க விடு. எங்க தடுக்குதுன்னு அப்பவே தெரிஞ்சிடும்.

தேன்மொழி: கலர் ஏதாவது பாக்கணுமா அத்தை? கறுப்புல ஒரு சுடிதார் எடுத்து வச்சிருக்கா.

செல்வி அத்தை: ரயில்ல போட்டுக்கட்டும். மண்டபத்துக்கு வேணாம், முகூர்த்தத்துல கறுப்பு பெரியவங்களுக்கு உறுத்தும். தனி வெள்ளையும் வேணாம்.

கவிதா சித்தி: இன்னொண்ணு. ஞாயித்துக்கிழமை சாயங்காலம் 4:30லருந்து 6 வரைக்கும் ராகு காலம். அது முடிஞ்சு மாப்பிள்ளையை வாசல்ல ஆரத்தி எடுத்து உள்ள கூப்பிடுவோம். அந்தப் பொண்ணு போட்டோ எடுக்க முன்னாடி வந்து நிக்கும். ஆரத்தித் தண்ணியை வாசல்ல கொட்டுறப்ப தெறிக்கும், ரெண்டு மூணு அடி தள்ளியே நிக்கச் சொல்லு. கொட்டின இடத்தை மிதிக்காம சுத்திப் போகணும்.

கவிதா சித்தி: அது மஞ்சளும் சுண்ணாம்பும் கலந்த தண்ணி. சுண்ணாம்பு பட்டதும்தான் மஞ்சள் அப்படி ரத்தச் சிவப்பா மாறுது. புடவைல பட்டா உடனே சோப்பு போடக் கூடாது, சோப்புலயும் காரம் இருக்கு, கறை இன்னும் சிவக்கும். வெறும் தண்ணில ஒத்தி எடுத்துட்டு, பட்டா இருந்தா டிரை கிளீனிங் கொடுத்துடணும். பருத்தின்னா எலுமிச்சைச் சாறு தடவி அலசி வெயில்ல போட்டா மஞ்சள் வெளுத்துடும்.

செல்வி அத்தை: பூவுக்கு மல்லியை நம்பாத தேனு. பனிக்காலத்துல வரத்து குறைவு, முகூர்த்த நாள்னா விலையே சொல்ல முடியாது. முல்லையோ கனகாம்பரமோ ஒரு முழம் வாங்கு. பொட்டு, பூ எதுவானாலும் அவளைக் கேட்டுட்டு வச்சு விடு. வேணாம்னா விட்டுடு.

குமரன் அண்ணா: இப்ப முகூர்த்த நேரம். பத்திரிகைல 6:00 மணிக்கு மேல் 7:30 மணிக்குள்னு போட்டிருக்கு. வெளியூர்க்காரங்க இதை 7:30க்குன்னு எடுத்துக்கிட்டு ஏழேகாலுக்கு வந்து நிப்பாங்க, அதுக்குள்ள தாலி ஏறியிருக்கும். திங்கக்கிழமை 7:30க்கு ராகு காலம் பிறக்குது. அதனால ஐயர் அதுக்கு ரொம்ப முன்னாடியே முடிச்சிடுவார். 5:45க்கு நாற்காலில உக்காந்திருக்கணும்.

தேன்மொழி: அவ்வளவு நேரம் என்ன நடக்குதுன்னு புரியாம உக்காந்திருப்பாளே. எதை எதைச் சொல்லி வைக்கணும் சித்தி?

கவிதா சித்தி: எல்லாத்தையும் சொல்லாத, தலை சுத்திடும். மூணு இடத்தை மட்டும் சொல்லு. முதல்ல, கூறைப்புடவையைத் தட்டுல வச்சுக் கொடுத்து பூங்கொடியைக் கட்டிக்கிட்டு வரச் சொல்லுவாங்க. அப்ப மேடை காலியா இருக்கும், பாதிப் பேர் காபிக்கு எந்திரிப்பாங்க. நீங்க எந்திரிக்கவே கூடாது. அவ திரும்பி வந்து உக்காந்தா அடுத்தடுத்து நடந்துடும்.

கவிதா சித்தி: ரெண்டாவது, தாலியைத் தேங்காய் மேல வச்சு தட்டோட சபைல ஒவ்வொருத்தர்கிட்டயும் கொண்டு வருவாங்க. தொட்டுக் கண்ணுல ஒத்திக்கணும், அவளும் செய்யலாம், அதுக்கு உறவு பாக்கிறதில்ல. கூடவே அட்சதை வரும். வலது கைல கொஞ்சமா எடுத்து அப்படியே வச்சிருக்கணும்.

கவிதா சித்தி: மூணாவது, கெட்டிமேளம். மேடைலருந்து சத்தம் கொடுத்ததும் தவிலும் நாதஸ்வரமும் ஒரே உச்சத்துல அடிக்கும். தும்மல், அழுகை, அபசகுனமான பேச்சு எதுவும் அந்த நேரத்துல காதுல விழக் கூடாதுன்னுதான் அந்த வேகம். அப்பதான் அட்சதை போடணும், முன்னாடியே போட்டுட்டா கை காலியா இருக்கும். முதல் முடிச்சு மாப்பிள்ளை போடுவார், மத்த ரெண்டும் நாத்தனார். பின்னாடி குனிஞ்சு நிக்கிற பொண்ணு யாருன்னு அவ கேப்பா, சொல்லிடு.

முரளி மாமா: எங்க உக்காரணும்னும் சொல்லுங்க. முதல் ரெண்டு வரிசை பெரியவங்களுக்கு விடணும். நடு வரிசைல உக்காந்தா போட்டோகிராபர் முதுகுதான் தெரியும். மூணாவது நாலாவது வரிசைல ஓரம் பாருங்க, தவிலுக்கு எதிர்ப்பக்கமா. மணவறை மேல ஏறினா செருப்பைக் கழட்டிட்டு ஏறணும். ஒரு துணிப்பை கொண்டு வந்து செருப்பை அதுல போட்டு நாற்காலிக்கு அடியில வச்சிடுங்க.

தேன்மொழி: சாப்பாட்டுல ஒரு முக்கியமான விஷயம். அவளுக்கு முந்திரி ஒத்துக்காது. வாய், உதடு வீங்கிடும்.

கவிதா சித்தி: இதை முதல்லயே சொல்லணும் கண்ணு. பரிமாறுற பையன்கிட்ட சொல்லிப் பிரயோஜனம் இல்ல, அவனுக்கு உள்ள என்ன அரைச்சாங்கன்னு தெரியாது. சமையல் காண்ட்ராக்டர்கிட்ட நான் இன்னிக்கே பேசுறேன். காலைல பொங்கல், கேசரி, மத்தியானம் பாயாசம் இதெல்லாம் கண்ணுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியாததுதான் ஆபத்து: ரிசப்ஷன்ல வெள்ளைக் குருமா, பன்னீர் கிரேவி, ரெண்டுலயும் முந்திரி விழுது அரைச்சு ஊத்துவாங்க. லட்டு, மைசூர்பாகு வந்தா தொடவே வேணாம். ஒரே கரண்டி எல்லாத்துலயும் போகும்.

கவிதா சித்தி: இட்லி, இடியாப்பம், சாதம், ரசம், மோர்ல சாதாரணமா முந்திரி இருக்காது. சாம்பார், கூட்டு, பொரியல் காண்ட்ராக்டரைக் கேட்டுச் சொல்றேன். டாக்டர் கொடுத்த மருந்தை லாட்ஜ்ல வச்சிட்டு வராம கைப்பைலயே வச்சிருக்கச் சொல்லு.

செல்வி அத்தை: முதல் பந்தில உக்கார வைக்காத. தாலி கட்டினதும் எல்லாரும் ஒரே மூச்சா ஓடுவாங்க. உக்காந்த நாற்காலிக்குப் பின்னாடி அடுத்த ஆள் வந்து நின்னுடுவாங்க, அந்தப் பொண்ணு அரைவயிறோட எந்திரிச்சிடும். அந்த நேரத்துல மேடைக்குப் போய் போட்டோ எடுத்துட்டு, ரெண்டாவது பந்திக்கு வாங்க.

செல்வி அத்தை: இலையோட நுனி இடது பக்கம் இருக்கணும். மேல் பாதில தொட்டுக்கிற அயிட்டம், கீழ்ப்பாதில சாதம். சாதம் போட்டதும் நடுவுல குழி பண்ணிக்கச் சொல்லு, இல்லன்னா ரசம் ஓடி மடியில விழும். வேணாம்னா தலையை ஆட்டக் கூடாது, நம்ம ஊர்ல அதை சரின்னு எடுத்துக்கிட்டு இன்னொரு கரண்டி போட்டுடுவாங்க. இலைக்கு மேல கையை விரிச்சுக் காட்டினா போதும். ஸ்பூன் வேணும்னா தயங்காம கேக்கட்டும். முடிச்சதும் இலையோட மேல் பாதியைத் தன் பக்கமா மடிக்கணும், எதிர்ப்பக்கமா மடிக்கிறது துக்க வீட்டுல. பக்கத்துல இருக்கிறவங்க முடிக்கிற வரைக்கும் உக்காந்திருந்தா மரியாதை.

தேன்மொழி: மொய் எவ்வளவு வைக்கணும்னு கேக்குறா.

பெரியப்பா: ஒண்ணும் வேண்டாம்மா. அவ்வளவு தூரம் வர்றதே போதும்.

முரளி மாமா: அத்தான், அந்தப் பொண்ணு வெறுங்கையோட மேடை ஏற சங்கடப்படும். 501 கவர்ல வைக்கட்டும். அந்த ஒரு ரூபா நாணயம் ஒட்டின கவரே கடைல கிடைக்கும். கவர் மேல மட்டும் பேர் எழுதினா பத்தாது, பிரிக்கிறப்ப கவர் தனியா பணம் தனியா போயிடும். உள்ள ஒரு சீட்டுல பேரும் ஊரும் எழுதி பணத்தோட மடிச்சு வைக்கணும். மொய் மேசைல கொடுத்தா முதல்ல ஊரைத்தான் கேப்பாங்க.

பெரியப்பா: சரி, அவ இஷ்டம். நோட்டுல ஏறினா திருப்பிச் செய்ய வேண்டியது நம்ம கடமை. அந்தப் பொண்ணு கல்யாணத்துக்குப் பத்திரிகை வந்தா புனேவுக்கு நானே வருவேன்னு சொல்லு.

தேன்மொழி: சொல்றேன் பெரியப்பா. ரொம்ப சந்தோஷப்படுவா. திங்கக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம் ராத்திரி வண்டி வரைக்கும் நேரம் இருக்கு. எங்க கூட்டிட்டுப் போகலாம்?

குமரன் அண்ணா: தாராசுரம் ஒண்ணு போதும். நாலு கிலோமீட்டர்தான். இரண்டாம் ராஜராஜன் கட்டின ஐராவதேசுவரர் கோயில், 2004ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்ந்தது. ரெண்டுக்கும் ஒரே தலை, ஒரு பக்கத்தை மறைச்சுப் பாத்தா யானை, மறுபக்கத்தை மறைச்சுப் பாத்தா காளை, அந்தச் சிற்பத்தை மட்டும் அவளுக்குத் தேடிக் காட்டு. நம்ம ஊர்க் கோயில்கள் மத்தியானம் நடை சாத்திடும், அதனால நாலு மணிக்கு மேல போங்க. புடவை வாங்கணும்னா திருபுவனம், அது எதிர்த்திசைல மயிலாடுதுறை ரோட்டுல. ரெண்டையும் ஒரே சாயங்காலத்துல திணிக்காதீங்க.

முரளி மாமா: திரும்புற டிக்கெட் என்ன நிலைமை?

தேன்மொழி: ஆர்ஏசி மாமா, ரெண்டு பேருக்கும்.

முரளி மாமா: ஏறலாம், பயப்படாத. மோசமாப் போனா சைடு லோயர்ல ரெண்டு பேரும் உக்காந்து வரணும். படுத்தாதான் ஆச்சுன்னா ஸ்லீப்பர் பஸ்ஸை இப்பவே பாத்து வை. ஆனா அந்த பஸ் சென்னைக்கு வெளிய இருக்கிற கிளாம்பாக்கத்துல விட்டுடும்னு கணக்குல வச்சுக்க. அவளுக்கு பிளைட் எத்தனை மணிக்கு?

தேன்மொழி: செவ்வாய் மதியம் 1 மணிக்கு.

முரளி மாமா: அப்ப ரயிலே போதும், தாம்பரத்துல இறங்கிடுங்க. தாம்பூலப் பைல இருக்கிற தேங்காயை நீ எடுத்துக்க. ஏர்போர்ட்ல தேங்காய், கொப்பரை எல்லாம் தகராறு, பெட்டியைத் திறக்கச் சொல்லி நேரம் போகும். வெத்தலை, பாக்கு, மஞ்சள் கொண்டு போகட்டும்.

குமரன் அண்ணா: ரூம் கிடைச்சிடுச்சு. மண்டபத்துலருந்து ரெண்டு தெரு தள்ளி, முதல் மாடி, 24 மணி நேரக் கணக்கு, ரெண்டு நாளைக்குப் போட்டிருக்கேன். ரெண்டு பேர் ஆதாரையும் எனக்கு அனுப்பிடு, அசலைக் கைல வச்சுக்கங்க. திங்கக்கிழமை 5:15க்கு ஆட்டோ வாசல்ல நிக்கும்.

செல்வி அத்தை: தேனு, அளவு இன்னும் வரல. கைச் சுத்தளவு மறக்காம.