வர்ஜீனியா மாநில செனட் 32ஆம் தொகுதி: நவம்பரில் வாக்களித்த கையோடு ஜனவரியில் எதற்கு இன்னொரு தேர்தல்?

ஆஷ்பர்ன் புதுவாசி கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். லவுடன் கவுண்டியில், ஆஷ்பர்னில் ஒன்பது ஆண்டுகளாகக் குடியிருக்கிறோம். 2024 கோடையில் எனக்கும் மனைவிக்கும் குடியுரிமை கிடைத்தது. அந்த நவம்பர் 5 அன்று, அதிபர் தொடங்கி வாஷிங்டன் காங்கிரஸின் 10ஆம் தொகுதி வரை ஒவ்வொரு பெயரையும் இரண்டு முறை படித்துப் பார்த்து, இந்த நாட்டில் முதன்முறையாக வாக்களித்துவிட்டு நிம்மதியாக வீடு திரும்பினோம். இரண்டே மாதத்தில், 2025 ஜனவரி 7 அன்று, பனி கொட்டிக் கிடந்த ஒரு செவ்வாய்க்கிழமையில், மாநில செனட் 32ஆம் தொகுதிக்குத் தேர்தல் என்றார்கள். கடமை என்று நினைத்து அதற்கும் சென்றேன்.

இந்த மாநில செனட் என்பது நம் ஊரில் 1986இல் கலைக்கப்பட்ட மேலவையைப் போன்றதா? எல்லோரும் வரிசையில் நின்ற நவம்பரிலேயே இதையும் சேர்த்து நடத்தாமல் ஜனவரிக் குளிரில் நடத்துவானேன்? இவற்றை விடவும் என்னை உறுத்துவது வேறொன்று. வாக்குச்சீட்டில் அச்சிட்டிருந்தவை இரண்டே பெயர்கள். உடன் வந்த நண்பர், "இங்கே முடிவு எப்போதோ ஆகிவிட்டது" என்று சிரித்தார். எப்போது ஆனது, அன்று நான் எங்கே இருந்தேன் என்று தெரிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

ரிச்மண்ட் ராகவன் பதில்:

மேலவையோடு ஒப்பிட வேண்டாம் ஐயா. ஆசிரியர்களும் பட்டதாரிகளும் உள்ளாட்சி உறுப்பினர்களும் தேர்ந்தெடுக்க, சிலரை ஆளுநர் நியமிக்க அமைந்த அவை அது. வர்ஜீனியா செனட்டின் 40 உறுப்பினர்களையும் மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். 2020 கணக்கெடுப்பின் 86,31,393 பேரை நாற்பதால் வகுத்தால் ஒரு தொகுதிக்கு ஏறத்தாழ 2,15,800 பேர் வருகிறார்கள். மாநிலத்தின் கீழவையான, நூறு பேர் கொண்ட பிரதிநிதிகள் அவையின் தொகுதி இதில் பாதி கூட இல்லை. இந்தச் சமக் கணக்கும் தானாக வந்துவிடவில்லை. ஆர்லிங்டன், ஃபேர்ஃபாக்ஸ் போன்ற வளர்ந்த பகுதிகளுக்கு ஆள் தொகைக்கு ஏற்ற இடங்கள் தரப்படவில்லை என்ற வழக்கில், 1964இல் உச்ச நீதிமன்றம் வர்ஜீனியாவின் பழைய பங்கீட்டைத் தள்ளுபடி செய்த பிறகே இது உறுதியானது.

இனி ஜனவரிக் கதை. செனட்டர்களின் பதவிக்காலம் நான்கு ஆண்டுகள். நாற்பது இடங்களுக்கும் ஒரே நாளில் தேர்தல் நடக்கிறது. 2019, 2023, அடுத்து 2027. காங்கிரஸ் தேர்தல் இரட்டைப்படை ஆண்டுகளில் வருகிறது. ஆளுநர், துணை ஆளுநர், மாநிலத் தலைமை வழக்கறிஞர் தேர்தல் 2013, 2017, 2021, 2025 என்று வருகிறது. இந்த இரண்டில் எதுவும் செனட் தேர்தல் ஆண்டோடு மோதுவதில்லை. ஆகவே ஒரு செனட்டர் தம் பதவியை விடாமலேயே மேலே உள்ள இடத்துக்குப் போட்டியிடலாம். தோற்றால் பழைய நாற்காலி பத்திரமாக இருக்கும், வென்றால் மக்கள் இன்னொரு முறை வாக்குச்சாவடிக்கு வர வேண்டும். சுஹாஸ் சுப்ரமணியம் 2023இல் 32ஆம் தொகுதியில் வென்று, மறு ஆண்டே காங்கிரஸுக்குப் போட்டியிட்டார். அவர் வென்றதே நீங்கள் வாக்களித்த அந்த நவம்பர் 5 இரவில்தான் என்னும்போது, காலியாகாத இடத்துக்கு அன்றே எப்படித் தேர்தல் வைப்பது?

ஜனவரி 7 என்ற தேதிக்கும் காரணம் உண்டு. சட்டமன்றம் ஆண்டுதோறும் ஜனவரியின் இரண்டாம் புதன்கிழமை கூடுகிறது. 2025இல் அது 8ஆம் தேதி.

பழைய 33 பதில்:

ராகவன் சொன்ன வழியில் எங்கள் பகுதியினர் நடந்து நடந்து காலே தேய்ந்துவிட்டது. மறுவரையறைக்கு முன் ஸ்டெர்லிங், லீஸ்பர்க், ஹெர்ண்டன் பக்கம் இருந்த 33ஆம் தொகுதியை எடுத்துக்கொள்ளுங்கள். குடியரசுக் கட்சியின் பில் மிம்ஸ் தலைமை வழக்கறிஞர் அலுவலகப் பணிக்குச் சென்றதால் 2006 ஜனவரியில் இடைத்தேர்தல் நடந்தது. ஜனநாயகக் கட்சியின் மார்க் ஹெர்ரிங் வென்று இடத்தைக் கைமாற்றினார். 2013இல் ஹெர்ரிங், மறு எண்ணிக்கை வரை சென்று, தலைமை வழக்கறிஞரே ஆனார். 2014 ஜனவரியில் மறுபடி இடைத்தேர்தல், ஜெனிஃபர் வெக்ஸ்டன் வந்தார். வெக்ஸ்டன் 2018இல் காங்கிரஸுக்குச் சென்றார். 2019 ஜனவரியில் மீண்டும் இடைத்தேர்தல், ஜெனிஃபர் பாய்ஸ்கோ வந்தார். பாய்ஸ்கோ அதுவரை பிரதிநிதிகள் அவையில் இருந்தவர் ஆதலால், அவர் விட்ட 86ஆம் தொகுதிக்குப் பிப்ரவரியில் இன்னொன்று! அடுத்தடுத்து மூன்று செனட்டர்கள், மூவரும் முதலில் நுழைந்தது இடைத்தேர்தல் வாசல் வழியாகத்தான்.

2025இல் நடந்ததும் அதே சங்கிலிதான். 26ஆம் பிரதிநிதித் தொகுதியில் இருந்த கண்ணன் ஸ்ரீனிவாசன் செனட்டுக்குப் போட்டியிட்டதால், அந்த இடத்துக்கும் அதே நாளில் தேர்தல் நடந்தது. அங்கே குடியரசுக் கட்சி நிறுத்தியவர் ராம் வெங்கடாசலம். ஜனநாயகக் கட்சியின் ஜே.ஜே. சிங் வென்றார். செனட்டில் கண்ணன் ஸ்ரீனிவாசன் குடியரசுக் கட்சியின் டூமே ஹார்டிங்கை வென்றார்.

வெளிப்படையாகச் சொல்பவன் பதில்:

இரு தொகுதிகளிலும் ஜனநாயகக் கட்சி அறுபது விழுக்காட்டை ஒட்டி வாங்கும் என்பது ஊரறிந்த விஷயம். இதற்காகப் பனியில் போவது வீண் வேலை என்பதே என் கருத்து. அருகிலுள்ள 31ஆம் தொகுதியில் 2023இல் ரஸ்ஸட் பெர்ரியும் ஹுவான் பாப்லோ செகுராவும் மோதினார்களே, அது தேர்தல்.

வாக்குச்சாவடி வசந்தி பதில்:

வீண் வேலை என்று எழுதியவருக்கு ஒரு கணக்கு. 2023க்குப் பிறகு செனட்டில் ஜனநாயகக் கட்சிக்கு 21, குடியரசுக் கட்சிக்கு 19. இந்த 32 கைமாறியிருந்தால் 20க்கு 20. சமநிலையை உடைக்கும் வாக்கு அன்றைய துணை ஆளுநரான குடியரசுக் கட்சியின் வின்சம் ஏர்ல் சியர்ஸிடம் இருந்திருக்கும். 2014இல் 6ஆம் தொகுதி இடைத்தேர்தலில் லின்வுட் லூயிஸ் வென்றது, மறு எண்ணிக்கைக்குப் பிறகு, பதினொரே பதினொரு வாக்குகளில். அன்றும் செனட் 20க்கு 20தான்.

ஆனால் புதுவாசி ஐயாவின் நண்பர் சிரித்ததிலும் நியாயம் இருக்கிறது. முடிவான நாள் 2024 நவம்பர் 16, சனிக்கிழமை. பொதுத்தேர்தல் முடிந்து பதினோரு நாள்தான் ஆகியிருந்தது. பலர் வீட்டு வாசலில் பழைய பலகைகளைக் கூடப் பிடுங்கவில்லை. ஜனநாயகக் கட்சியின் வேட்பாளரை அன்று தேர்ந்தெடுத்தார்கள். இதை இங்கே "ஃபயர்ஹவுஸ் பிரைமரி" என்பார்கள். தீயணைப்பு நிலையம் போன்ற ஓரிரு இடங்களில் கட்சியே தன் செலவில், தன் தொண்டர்களைக் கொண்டு நடத்துவது. வழக்கமாக ஜூன் மூன்றாம் செவ்வாயில் அரசு நடத்தும் பிரைமரி என்றால் உங்கள் பகுதிக்கென்று உள்ள வாக்குச்சாவடி திறந்திருக்கும், முன்கூட்டியே வாக்களிக்கவும் பல வாரங்கள் கிடைக்கும். இதற்கு அந்த வசதிகள் கிடையாது. கட்சி மின்னஞ்சல் பட்டியலில் இல்லாதவருக்குச் செய்தி எட்டுவதே அரிது. ஒரு பக்கம் சாய்ந்த தொகுதியில், கட்சி வேட்பாளர் ஆவதுதான் உண்மையான போட்டி. அந்தப் போட்டியைச் சில மணி நேரச் சனிக்கிழமையில் அடக்குவது எனக்கு உடன்பாடில்லை. நான் பல ஆண்டுகளாகத் தேர்தல் பணி செய்பவள். எங்கள் கையில் வருவது ஜனவரிச் சீட்டு மட்டும்தான்.

அந்த ஜனவரி 7 அன்று, ஆறு மணிக்குக் கதவைத் திறக்க வேண்டும் என்பதற்காக ஐந்துக்கு முன்பே பள்ளி உடற்பயிற்சிக் கூடத்துக்கு வந்து, படியில் உப்புத் தூவிவிட்டு, ஸ்கேனர் பெட்டி காலியாக இருப்பதை இரு கட்சி அலுவலர்களும் குனிந்து பார்த்துக் கையெழுத்திட்டோம். முதலில் வந்த முதியவர் சீட்டை உள்ளே தள்ளியதும் திரையில் சுழி மறைந்து 1 தோன்றியது. அதன்பின் அடுத்தவர் வர நெடுநேரம் ஆனது.

ஆஷ்பர்ன் புதுவாசி பதில்:

வசந்தி அம்மா, நவம்பர் 16 அன்று நான் வீட்டில் இலை வாரிக்கொண்டிருந்தேன். எந்தக் கட்சியிலும் நான் உறுப்பினர் இல்லை. அறிந்திருந்தாலும் என்னை உள்ளே விட்டிருப்பார்களா?

வாக்குச்சாவடி வசந்தி பதில்:

விட்டிருப்பார்கள் ஐயா. வர்ஜீனியாவில் வாக்காளர் பதிவின்போது கட்சியைக் குறிக்கும் வழக்கமே இல்லை. ஜூன் பிரைமரியில் இரு கட்சிகளில் ஏதேனும் ஒன்றின் சீட்டைக் கேட்டு வாங்கலாம்; இரண்டையும் வாங்க முடியாது. கட்சி நடத்தும் பிரைமரியில் மட்டும், அக்கட்சியின் வேட்பாளரை ஆதரிப்பதாக ஒரு தாளில் கையெழுத்துக் கேட்பது உண்டு. இரு கட்சிகளின் லவுடன் கிளைகளுக்கும் உங்கள் மின்னஞ்சலைக் கொடுத்து வையுங்கள். 2027 ஜூனுக்கு முன்பே வேறு யாராவது மேலே ஏறினாலும், அடுத்த சனிக்கிழமை உங்களுக்குத் தெரியாமல் போகாது.