இரவில் வாகனம் தரக்கூடியவர்களின் விபரம் தேவை

முல்லைத்தீவு மாவட்டத்தில் துணுக்காய், மல்லாவி, ஒட்டுசுட்டான் பக்கத்து உள்கிராமங்களில் கர்ப்பிணிகளை இரவில் ஏற்றிச்செல்லக்கூடிய வான், ஓட்டோ வைத்திருப்பவர்களின் பட்டியல் எடுக்கிறோம். முதலில் போன் அடிக்கவேண்டியது 1990 என்ற இலக்கத்து அம்புலன்சுக்குத்தான், அது இலவசம். ஆனால் சிக்னல் எடுக்காத இடங்களுக்கும் மாரியில் வெள்ளம் மூடும் பாதைகளுக்கும் மாற்று ஒழுங்கு கட்டாயம் வேண்டும்.

கர்ப்பத்தில் 20 வாரத்துக்குப் பிறகு பிறஷர் (இரத்த அழுத்தம்) 140/90 காட்டினால் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். 160/110 என்றாலோ, விடாத தலையிடி, கண் மங்கல், மேல்வயிற்று நோ இருந்தாலோ விடியட்டும் என்று பார்த்திருக்கவே கூடாது. வலிப்பு வரலாம். வந்தால் இடப்பக்கம் சரித்துப் படுக்கவையுங்கள். வாய்க்குள் கரண்டி உட்பட எதையும் வைக்காதீர்கள். பிள்ளை பிறந்தபின் கருப்பை சுருங்காவிட்டால் இரத்தம் நிற்காமல் ஓடும், ஓரிரு மணித்தியாலத்திலேயே உயிர் போய்விடலாம். வாகனத்தில் ஏற்றும்போதே வைத்தியசாலைக்கு அறிவித்தால் இரத்தம் ஆயத்தப்படுத்த அவர்களுக்கு நேரம் கிடைக்கும். கர்ப்பகாலப் பதிவு அட்டையை மறக்கவேண்டாம், இரத்த வகை அதில் இருக்கும்.

உங்கள் ஊர், வாகன வகை, எத்தனை மணிக்கும் வரமுடியுமா, எந்தப் பாதை மழைக்கு அடைபடும் என்பவற்றை அட்மினுக்குத் தனியாக அனுப்புங்கள். ஓ நெகட்டிவ் இரத்தம் கொடுக்கக்கூடியவர்களும் தயவுசெய்து தெரிவியுங்கள்.