சீனாவுக்குப் புதுசா வந்த நம்மாளுங்களுக்கு: போலீஸ் பதிவு, ஹுக்கோ (குடும்பப் பதிவு), ஆபீஸ்ல பக்கத்து சீட்டுக்காரரோட பிள்ளை ஏன் கூட இல்ல

ஷென்ஜென், குவாங்ஜோ பக்கம் வேலைக்கு வந்திருக்கிற நம்ம பசங்க நாலஞ்சு பேர் ஒரே விஷயத்த வேற வேற மாதிரி கேட்டிருக்கீங்க, தனித்தனியா பதில் போட்டா முடியாது, மொத்தமா இங்கயே எழுதிடறேன். நீளமாத்தான் போகும்.

முதல்ல அவசரமானது. ஹோட்டல்ல தங்குனா அவங்களே பாஸ்போர்ட்ட ஸ்கேன் பண்ணி போலீஸுக்கு அனுப்பிடுவாங்க, நீங்க ஒண்ணும் பண்ண வேணாம். வாடகை வீட்டுக்கோ ஃப்ரெண்டு ரூமுக்கோ போய்ட்டீங்கன்னா 24 மணி நேரத்துக்குள்ள அந்த ஏரியா போலீஸ் ஸ்டேஷன்ல (பைச்சூசுவோன்னு கேட்டா வழி காட்டுவாங்க) பதிஞ்சாகணும். பாஸ்போர்ட், வாடகை ஒப்பந்தம், ஓனரோட அடையாள அட்டை காப்பி எல்லாம் கைல இருக்கட்டும், சில ஊர்ல இப்ப போன்லயே முடிச்சிடலாம். 2013 ஜூலைல இருந்து நடப்புல இருக்கிற சட்டம் இது, பதியலன்னா 2000 யுவான் வரைக்கும் ஃபைன் போட இடம் இருக்கு. வேலை விசால வந்தவங்க 30 நாளைக்குள்ள ரெசிடென்ஸ் பர்மிட்டுக்கு அப்ளை பண்ணணும், அங்க போனா முதல்ல இந்தப் பதிவுச் சீட்டத்தான் கேப்பாங்க. வீடு மாறினா திரும்பவும் பதியணும். லீவுக்கு ஊருக்குப் போய்ட்டு வந்தாலும் பதியணுமாங்கறது ஒவ்வொரு ஊர்ல ஒவ்வொரு மாதிரி, உங்க ஸ்டேஷன்லயே கேட்டு வச்சுக்கங்க. ஓனர் பதிவெல்லாம் எதுக்குன்னு இழுத்தார்னா, எவ்வளவு நல்ல வீடா இருந்தாலும் அட்வான்ஸ் குடுக்காம வந்துருங்க.

//வெளிநாட்டுக்காரன்னு நம்மள மட்டும் இப்படி வேவு பாக்கறாங்களா அண்ணே?//

இல்ல தம்பி. உங்களக் கேக்கறதுக்கு ரொம்ப காலம் முன்னாடியே சொந்த ஜனங்கள கேக்க ஆரம்பிச்சுட்டாங்க. பத்துப் பத்து வீடா சேத்து ஒரு கட்டாக்கி, ஒருத்தன் தப்பு பண்ணா மத்தவனும் பதில் சொல்லணுங்கற ஏற்பாடு சோங் அரச காலத்துலயே, அதாவது 11ஆம் நூற்றாண்டுல, வாங் அன்ஷீங்கற மந்திரி கொண்டு வந்தது. பேரும் அளவும் மாறி மாறி அதுக்கப்புறமும் பல ஆட்சில அது திரும்ப வந்துக்கிட்டே இருந்துச்சு. ஆனா இன்னைக்கு நீங்க பாக்கற விஷயத்துக்கு நேரடி அப்பன் 1958 ஜனவரில வந்த குடும்பப் பதிவுச் சட்டம், அதத்தான் ஹுக்கோன்னு சொல்றது. நம்ம ஊர் ரேஷன் கார்டு மாதிரின்னு நினைச்சுடாதீங்க, நாம சேலத்துல இருந்து சென்னைக்கு வந்தா கார்ட மாத்திக்கலாம், மாத்தாமலும் பொழைக்கலாம். இங்க அப்ப ஆள ரெண்டா பிரிச்சாங்க, விவசாயப் பதிவு, விவசாயம் இல்லாத பதிவு. பொறந்த பதிவுதான் கடைசி வரைக்கும், டவுனுக்கு மாத்தறது குதிரைக்கொம்பு. டவுன் பதிவு இருந்தா தானியக் கூப்பன், வேலை, வேலை குடுக்கற இடத்துலயே வீடு, ஆஸ்பத்திரி எல்லாம். கிராமத்தானுக்கு அவன் கம்யூன்ல (ஊரே சேந்து உழற கூட்டுப் பண்ணை) விளையறதுதான், அதுலயும் அரசாங்கம் கொள்முதல் பண்ணது போக மிச்சம். 1959ல இருந்து 61 வரைக்கும் பெரும் பஞ்சம் வந்து கோடிக்கணக்குல செத்தாங்களே, அதுல பெரும்பாலும் கிராமத்து ஜனங்கதான், நகரத்துக்கு ஓடிப் போகலாம்னாலும் கூப்பன் இல்லாம அங்க சோறு வாங்க முடியாது. அந்தக் கூப்பன் 1955ல ஆரம்பிச்சு 1993 வரைக்கும் இருந்துச்சு, முதல்ல தூக்கிப் போட்ட ஊர் நம்ம ஷென்ஜென்தான், 1984ல.

ஷென்ஜென் கதைய தனியா சொல்லணும், ஏன்னா நீங்க இருக்கிற ஊர் எப்படி வந்துச்சுன்னு தெரியாமலே பல பேர் வருஷக்கணக்கா இங்க இருக்காங்க. 1980ல சிறப்புப் பொருளாதார மண்டலம்னு அறிவிச்சு கோடு போட்டாங்க, கோடுன்னா நிஜமாவே கம்பி வேலி, சீனாக்காரனே உள்ள வரணும்னா பர்மிட் காட்டணும். அந்த உள்வேலிய அதிகாரபூர்வமா எடுத்தது 2018லதான். ஹுனான், ஹுபெய், சிச்சுவான்னு எங்கெங்கயோ இருந்து வந்த பொண்ணுங்களும் பசங்களும்தான் ஃபேக்டரி டார்மெட்டரில படுத்து எந்திரிச்சு இந்த ஊரக் கட்டுனது. 2020 சென்சஸ்ல ஷென்ஜென் ஜனத்தொகை 1 கோடியே 75 லட்சத்துக்கு மேல, அதுல இந்த ஊர் ஹுக்கோ வச்சிருக்கிறவங்க கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்குதான். ‘வந்துட்டா நீயும் ஷென்ஜென்காரன்’னு ஊர் பூரா போர்டு வச்சிருப்பாங்க, பாத்திருப்பீங்க, அந்த போர்டுக்குக் கீழ நிக்கற ஆளுகிட்ட ஹுக்கோ எங்கன்னு கேட்டா ஹெனான் மாகாணம்னு சொல்வான்.

2003ல நடந்தது ஒண்ணு கட்டாயம் தெரிஞ்சுக்கணும். சுன் ஜிகாங், 27 வயசு, காலேஜ் முடிச்ச டிசைனர், ஹுபெய்காரர், குவாங்ஜோவுக்கு வேலைக்கு வந்த கொஞ்ச நாள்லயே ராத்திரி வெளிய போனப்ப தற்காலிகத் தங்கல் பர்மிட் கைல இல்லன்னு போலீஸ் புடிச்சுட்டுப் போச்சு, மூணு நாள்ல காவல்ல அடிச்சே கொன்னுட்டாங்க. உள்ளூர் பத்திரிகை ஒண்ணு தைரியமா போட்டுச்சு, நாடே கொதிச்சுது, சட்டம் படிச்ச மூணு இளைஞர்கள் பார்லிமென்டுக்கு மனு அனுப்புனாங்க, பர்மிட் இல்லாதவன புடிச்சு சொந்த ஊருக்கு அனுப்பற அந்த விதியவே அந்த வருஷமே ரத்து பண்ணாங்க. இப்ப அந்த மாதிரி மனு, அந்த மாதிரி பத்திரிகை ரெண்டுமே ரொம்ப அரிதாயிடுச்சு, அத நீங்களே பாத்துப்பீங்க.

என்னைக் கேட்டா, பாஸ்போர்ட்டும் வொர்க் பர்மிட்டும் கைல இருக்கிற நாம சில விஷயத்துல நம்ம லைன்ல வேலை பாக்கற ஹுனான் பையன விட சுலபமா இருக்கோம். ஸ்டேஷன் வரிசைல நின்னு சலிச்சுக்கறப்ப இது ஞாபகம் இருக்கட்டும்.

//எங்க டீம் லீடரோட பையன் தாத்தா பாட்டிகிட்ட வளர்றானாம், வருஷத்துக்கு ஒருக்காதான் பாப்பாங்களாம், இவங்களுக்குப் பாசமே இல்லியா?//

அடப்பாவமே, இத மட்டும் அவங்க முகத்துக்கு நேரா கேட்டுடாதீங்க. காரணம் திரும்பவும் அதே ஹுக்கோதான். அரசுப் பள்ளில சேக்கணும்னா வீடு, சோஷியல் இன்சூரன்ஸ், எத்தனை வருஷமா இங்க இருக்கீங்கன்னு ஒவ்வொண்ணுக்கும் பாயின்ட் போடுவாங்க, சொந்த வீடும் உள்ளூர் ஹுக்கோவும் இருக்கிறவன் முன்னாடி போய்டுவான். நல்ல ஸ்கூல் எல்லைக்குள்ள இருக்கிற ஃப்ளாட் விலை ஏன் அப்படி இருக்குன்னு இப்ப புரியும். அதையும் தாண்டிட்டா ஜூன் மாசம் காவ்காவ்னு ஒரு பரீட்சை, நம்ம பிளஸ் டூ, நீட் எல்லாத்தையும் ஒண்ணா சேத்த கணக்கு, அத பொதுவா ஹுக்கோ இருக்கிற மாகாணத்துலதான் எழுதணும், வெளியூர் பிள்ளைங்க எழுதறதுக்கு பெரிய ஊர்கள்ல நிபந்தனை மேல நிபந்தனை. பாடத்திட்டமும் கட்-ஆஃபும் மாகாணத்துக்கு மாகாணம் வேற. அதனால எப்படியும் திரும்பிப் போகணுமேன்னு சின்ன வயசுலயே ஊர்ல விட்டுடறாங்க. அப்படி விடப்பட்ட பிள்ளைங்க 6 கோடிக்கு மேலன்னு 2010 சென்சஸ வச்சு அகில சீன மகளிர் சம்மேளனமே சொல்லிருக்கு. 2014ல விவசாயம், விவசாயம் இல்லாததுங்கற பிரிவ எடுக்கறதா அறிவிச்சாங்க, சின்ன ஊர்கள்ல மாத்திக்கறது நிஜமாவே சுலபமாயிடுச்சு, 2025 மே மாசத்துல இருந்து கல்யாணம் பதியக்கூட ஹுக்கோ புக் தேவையில்ல. ஆனா பெய்ஜிங், ஷாங்காய் கதவு இன்னும் பாதிதான் திறந்திருக்கு.

நம்ம பிள்ளைங்களுக்கு பெரும்பாலும் இன்டர்நேஷனல் ஸ்கூல்தான், ஃபீஸ் மலைக்க வைக்கும், ஆஃபர் லெட்டர்ல கையெழுத்து போடறதுக்கு முன்னாடியே கம்பெனி கட்டுமான்னு எழுத்துல வாங்கிக்கங்க, அப்புறமா கேட்டா சிரிப்பாங்க.

//கதவத் தட்டி டேப்லட்டோட ஒரு அம்மா வந்து எத்தனை பேர் இருக்கீங்கன்னு கேட்டாங்க, பயமா இருக்கு//

பயப்படாதீங்க தங்கச்சி, அது குடியிருப்புக் கமிட்டி ஆளு இல்லன்னா அந்த பிளாக்குக்குப் போட்டிருக்கிற பணியாளா இருக்கும். இந்தக் கமிட்டிக்கு 1954லயே சட்டம் போட்டாச்சு, புருஷன் பொண்டாட்டி சண்டைல இருந்து குப்பை பிரிக்கறது வரைக்கும் அவங்க தலையிடுவாங்க. 2022ல கொரோனாவுக்காக ஷாங்காய் பூட்டிக் கிடந்தப்ப வீட்டு வாசலுக்குக் காய்கறி வந்ததும் இவங்க மூலமாத்தான், வாசல மூடினதும் இவங்கதான், அதனால ஜனங்களுக்கு இவங்க மேல கோவமும் உண்டு, ஒரு ஒட்டுதலும் உண்டு. பாஸ்போர்ட்டும் பதிவுச் சீட்டும் காட்டுங்க, சிரிச்சுட்டுப் போய்டுவாங்க. அந்தம்மா வீசாட் (இங்கத்த வாட்ஸ்அப்) ஐடிய வாங்கி வச்சுக்கங்க, தண்ணி வராத அன்னைக்கு உதவும்.

வீசாட்னதும் ஒண்ணு, குரூப் ஆரம்பிச்சவர்தான் அதுல வர்றதுக்கு பொறுப்புன்னு 2017ல இருந்து விதி இருக்கு. 1989 தியனன்மென் சம்பவம், தைவான், ஷின்ஜியாங் மாதிரி அரசாங்கத்துக்கு ஆகாத பேச்செல்லாம் நம்ம தமிழ் குரூப்ல கூட போடாதீங்க, அட்மினா இருக்கிறவர் பாவம். லோக்கல் ஆளுங்களும் அதப் பேச மாட்டாங்க, ஆனா வீட்டு விலை, பிள்ளை ஸ்கூல், ஊர்ல இருக்கிற அப்பாவுக்கு பென்ஷன் எவ்வளவு கம்மின்னு சாப்பாட்டு மேசைல மணிக்கணக்கா பொரிஞ்சு தள்ளுவாங்க, அரசியல் இதுலயே பூரா இருக்கு, காது குடுத்துக் கேளுங்க.

கடைசியா சீனப் புத்தாண்டு. அதையொட்டி 40 நாள் ரயில்ல கூட்டம் அள்ளும், ஷென்ஜென் காலியாயிடும், டெலிவரி பையன்ல இருந்து சலூன்காரர் வரைக்கும் ஊருக்குப் போயிருப்பாங்க. ரயில் டிக்கெட் விக்க ஆரம்பிச்ச அன்னைக்கே எடுத்துருங்க, அரிசி பருப்பு எண்ணெய் ஒரு வாரம் முன்னாடியே வாங்கிப் போட்டுருங்க, உங்க டீம் லீடருக்கு அந்த நேரத்துல மெசேஜ் போட்டு வேலை கேக்காதீங்க.