புதுப்பிப்பு: தம்பியின் வலிப்பு மாத்திரை கிடைத்துவிட்டது (பெங்களூரு)

வழி சொன்ன அனைவருக்கும் நன்றி. தம்பியின் வலிப்பு மாத்திரையான லெவெடிரசெட்டம் தீரப்போகிறது, நேரில் வராமல் மருந்துச் சீட்டு கிடையாது என்று மருத்துவமனையில் கைவிரிக்கிறார்கள் என முன்பு இங்கே எழுதியிருந்தேன்.

பலித்தது, மத்திய அரசின் 2020 தொலைமருத்துவ வழிகாட்டுதலை மருத்துவமனையில் காட்டச் சொல்லி இங்கே ஒரு அக்கா தந்த யோசனைதான். அதே நோய்க்கு ஆறு மாதத்துக்குள் நேரில் பார்த்த மருத்துவர், அதே மருந்தைத் தொலைபேசியில் பேசியே மீண்டும் எழுதித் தரலாம். வரவேற்பு மேசையில் இருந்தவர் அதைப் படிக்கவே இல்லை. "இரண்டு நாள் மாத்திரை போடாவிட்டால் என்ன ஆகிவிடும்?" என்றார். திடீரென்று நிறுத்தினால் விடாத வலிப்பு வந்து உயிரே போகலாம். அந்தக் கேள்வி எனக்கு இன்னும் ஆறவில்லை. மருத்துவருக்கே எழுதினேன், அன்று மாலையே தம்பியிடம் பேசிவிட்டு, கையொப்பமிட்ட சீட்டைப் படமாக அனுப்பினார்.

எதிர்பாராத சிக்கல் அல்சூரில் மருந்துக்கடையில் வந்தது. படத்தில் மருத்துவரின் பதிவு எண் மங்கலாக இருந்ததால் மருந்து தரவில்லை. சீட்டு வந்தவுடனே அந்த எண்ணைப் பார்த்துவிடுங்கள். தெளிவான படம் வந்தபின், இங்கே ஒருவர் சொன்ன மக்கள் மருந்தகத்தில் (ஜன் அவுஷதி கடை) 500 மில்லிகிராம் மலிவாகக் கிடைத்தது. மாத்திரையைத் தயாரிக்கும் நிறுவனம் மாறுவதால் மருத்துவரைக் கேட்டுக்கொண்டே வாங்கினோம்.

போதைமருந்துச் சட்டத்தில் வரும் மாத்திரைகளுக்குப் பொதுவாக இந்த வழி பொருந்தாது.