புதுப்பிப்பு: வால்பாறை, மாலத்தீவு, இப்போது நிதி ஆலோசனை

வால்பாறையில் மழைக்காட்டு நாற்றங்கால் வேலை, அப்புறம் மாலத்தீவில் ஆசிரியர் பணி. இனி தனிநபர் நிதித் துறைக்கு வரலாமா என்று முன்பு கேட்டிருந்தேன். வந்துவிட்டேன். முதலீட்டு ஆலோசகர்களுக்கான என்ஐஎஸ்எம் 10-ஏ, 10-பி தேர்வுகள் முடிந்தன. பங்குச் சந்தை ஒழுங்குமுறை அமைப்பான செபியில் பதிவுபெற்ற ஆலோசகர் ஒருவரிடம் வேலை.

காட்டில் கழித்த காலம் வீணா என்று ஒருவர் கேட்டிருந்தார். இல்லை. நாங்கு போல மெதுவாக வளரும் மரங்களை வளர்த்ததால்தான் நீண்டகாலச் சேமிப்பைப் பொறுமையாக விளக்க முடிகிறது.

தீவில் உடன் வேலை பார்த்த ஆசிரியர்கள்தான் அதிகம் கேட்கிறார்கள். வெளிநாடு போனதும் ஊர்ச் சேமிப்புக் கணக்கை என்ஆர்ஓ (வெளிநாட்டில் வாழும் இந்தியர் உள்ளூர் வருமானத்துக்கு வைத்திருக்கும் கணக்கு) ஆக்குங்கள். பழைய பிபிஎஃப் (பொது வருங்கால வைப்பு நிதி) கணக்கில் 15 ஆண்டு முதிர்வு வரை பணம் போடலாம். புதிதாகத் தொடங்க முடியாது. நிரந்தரமாகத் திரும்பினால், வெளிநாட்டுச் சம்பளத்தைப் போட்டுவைக்கும் என்ஆர்இ கணக்கையும் உள்நாட்டில் வசிப்பவர் கணக்காக மாற்ற வேண்டும். அதன் வட்டிக்கு வரிவிலக்கு தொடரும் என்று பலர் நம்புகிறார்கள். தொடராது.

மாலத்தீவுக்குக் கிளம்புகிறவர்கள் இருந்தால், சரி, கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.