உதவி: தங்கச்சிமடத்தில் ஓட்ட ரோடு சைக்கிள், 45,000 ரூபாய்க்குள்

பாம்பன்காற்று:
வணக்கம். காலையில் பாம்பன் பாலம் தாண்டி மண்டபம் வரை போய்வருவேன், ஞாயிறு என்றால் அரிச்சல்முனை. ஆடிக் காற்றில் பழைய தடி டயர் சைக்கிளை மிதித்து முழங்கால் தேய்ந்ததுதான் மிச்சம். மதுரையில் ஒரு கடையில் உயரம் கேட்டார்கள், 168 செ.மீ. என்றேன். உடனே 56 செ.மீ. ஃப்ரேம் சைஸ் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்து, "சீட்டை இறக்கிக்கலாம் சார்" என்றார்கள். 25 மி.மீ. டயர், ஷிமானோவின் கிளாரிஸ் கியர். ஏறி உட்கார்ந்தால் ஹேண்டில்பார் அடுத்த தெருவில் இருக்கிறது. வாங்கலாமா?

உச்சிப்புளியான்:
வேண்டாம் தம்பி. சீட்டை இறக்கலாம், ஃப்ரேமின் நீளத்தை என்ன செய்வீர்கள்? அந்த சைஸ்தான் கடையில் தேங்கியிருந்திருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரோடு ஒட்டி நின்று, ஒரு நோட்டைக் கவட்டில் இறுக்கி வைத்து, தரையிலிருந்து அதன் மேல்விளிம்பு வரை அளங்கள். அதை 0.67ஆல் பெருக்கினால் ஃப்ரேம் சைஸ் ஏறக்குறைய வந்துவிடும்.
கிளாரிஸ் நல்ல கியர்தான், பின்னால் 8 பல்சக்கரம். நம் பக்கம் மேடு என்று பாலத்தை விட்டால் வேறென்ன இருக்கிறது? காற்றுக்குத்தான் கியர் மாற்ற வேண்டும். டயர் மட்டும் 28க்குக் குறையக் கூடாது, 32 நுழைகிற ஃப்ரேமாக இருந்தால் இன்னும் நல்லது. பாலத்து இணைப்புகளில் ஒரு தடவை தூக்கிப்போட்டால் தெரியும்.

கீழக்கரை சைக்கிள்:
அண்ணன் முள்ளை விட்டுவிட்டார். ஏர்வாடி ரோட்டில் ஒரே காலையில் 2 டியூப் போனது எனக்கு. இரண்டாவதும் இறங்கிய பிறகுதான் டயருக்குள் விரலை விட்டுத் தடவினேன், சுருக்கென்று குத்தியது. சீமைக்கருவேல முள்ளின் முனை, கடுகளவு, ரப்பருக்குள் ஒடிந்து நின்றிருக்கிறது. டியூப் மாற்றும்போதெல்லாம் தடவிப் பாருங்கள். பிரெஸ்டா என்கிற ஒல்லி வால்வாக இருந்தால் நம்மூர் பஞ்சர் கடைப் பம்பு பிடிக்காது, பித்தளை அடாப்டர் இரண்டு பையில் கிடக்கட்டும்.
அப்புறம் உப்பு. அலுமினிய ஃப்ரேம் துரு பிடிக்காது என்பார்கள். செயினும் போல்ட்டும் இரும்புதானே? அரிச்சல்முனை போய்வந்தால் நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, எண்ணெய் விட்டு, மேலே வழிவதைத் துணியால் எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் மணல் அப்பிக்கொள்ளும். சீட் கம்பிக்கு கிரீஸ் போடாமல் விட்டு, அது இறுகிப்போய், பிறகு பைப் ரெஞ்சு போட்டுத் திருகியவன் நான்.

உச்சிப்புளியான்:
சரியாகச் சொன்னார். கடைக்கு நான் வைக்கும் பரீட்சை ஒன்றுதான். பின்கியரைத் தாங்கும் ஹேங்கர் ஒன்று உபரியாகக் கேளுங்கள். சைக்கிள் சாய்ந்தால் முதலில் வளைவது அதுதான், ஃப்ரேமுக்கு ஃப்ரேம் வேறு மாதிரி. அதற்காக 150 கி.மீ.க்கு மேல் பஸ் ஏற முடியுமா?

பாம்பன்காற்று:
அளந்தேன், 77 செ.மீ. பெருக்கினால் 51.6 வருகிறது. 56ஐ என் தலையில் கட்டப் பார்த்திருக்கிறார்கள்! இன்று வேறொரு கடைக்குப் போனேன். 52 வர பத்து நாளாகுமாம், 28 டயரோடு. ஹேங்கர் என்றதும் கடைக்காரப் பெரியவர் டிராயரை இழுத்து, ஏழெட்டை மேசையில் கொட்டி, ஒன்றைத் தேடி எடுத்து, "உங்க வண்டிக்கு இது" என்றார். முன்பணம் கொடுத்துவிட்டேன்.